என் தம்பிக்கு நான் ஐந்து மாதம் இளையவன்

கால் வீங்கினால் ஐஸ் வைப்பது ஆட்டக்காரனின் புத்தி. பதினாறு வருடம் கால்பந்தையே தொழிலாக ஆடியவன் நான். கொல்கத்தாவில் ஒன்பது வருடம், கோவாவில் நான்கு, மீதி கூப்பிட்ட இடத்தில். ஆட்டத்தை விட்டுப் பதினைந்து வருடம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில் கணுக்கால் வீங்கியது. நான் வேலை பார்க்கும் அந்தமானின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், படகுத்துறையில், மீன் பெட்டி ஏற்றுகிறவர்களிடம் ஐஸ் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி, மூன்று வாரம் வைத்துப் பார்த்தேன்.

வீக்கம் இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் என் மனைவி வசந்தி டீயைக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, ரெண்டு கணுக்காலும் ஒரே நாள்ல சுளுக்குமா? மூஞ்சியப் பாருங்க, கண்ணு ரெண்டும் உப்பிக் கெடக்கு. அங்கயும் எவனாச்சும் உதைச்சானா?”

எரிந்து விழுந்தேன். ஆனாலும் அவள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். போர்ட் பிளேயரின் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். மாலையில் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். மெயின்லேண்டிலிருந்து வந்த இளைஞர், என் ஆட்டத்தைப் பார்த்திருக்கும் வயதில்லை.

“கிரியேட்டினின் ஒன்பது இருக்கு சார்.”

நம் தசைகள் வேலை செய்யும்போது உடம்பில் சேரும் கழிவுக்குத்தான் அந்தப் பெயர். அதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. நல்ல உடம்பில் அது ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும். ஒன்பது என்றால் வெளியே தள்ள ஆளில்லை என்று அர்த்தம். ஸ்கேனில் என் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. சிறுவயதில் இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டனவா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

“வலி மாத்திரை எவ்வளவு வருஷமா சாப்பிடுறீங்க?” என்று கேட்டார்.

முட்டிக்காக, இடுப்புக்காக, ஆட்டத்துக்கு முன்னால் ஊசி, ஆட்டத்துக்குப் பிறகு மாத்திரை. வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த வாரம் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே எந்த டாக்டரிடமும் உண்மையைச் சொல்லாமல் பழகிவிட்டேன். அன்றும் “எப்பவாச்சும்தான்” என்றேன். வசந்தி பையைத் திறந்து என் மாத்திரை டப்பாவை மேசையில் வைத்தாள். இரண்டு டப்பா.

அன்றே அட்மிஷன். கழுத்து நரம்பில் குழாய் சொருகி டயாலிசிஸ் தொடங்கினார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு வடிகட்டி வழியாக விட்டு, சுத்தமாக்கித் திரும்ப உடம்புக்குள் அனுப்பும் மிஷின் அது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். பிறகு முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள், ஊசி குத்த வசதியாக. விரலை வைத்தால் அந்த இடம் எப்போதும் அதிரும். அதிர்வு நின்றால் உடனே ஓடி வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். தூக்கத்திலிருந்து எழுந்தும் தொட்டுப் பார்த்தேன்.

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர் தண்ணீர்தான். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. அந்தமானில் இருந்துகொண்டு இளநீரைப் பார்க்காமல் எங்கே போவது? வசந்தி ஒரு பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். என் எதிரில் அவளும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அடுப்படிக்குப் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

மிஷினிலேயே காலம் தள்ளலாம், ஆனால் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது, சென்னையில் செய்யலாம் என்றார் டாக்டர். நெருங்கிய உறவு யாராவது கொடுக்கவேண்டும். வசந்தியின் ரத்தம் எனக்குப் பொருந்தவில்லை. அப்பா இப்போது இல்லை, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு. மிச்சம் இருந்தது தம்பி ரவி. மத்திய அந்தமானில், ரங்கத் பஜாரில் பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அம்மா அவனோடும் அவன் மனைவி கலாவோடும்தான் இருக்கிறார். அவனிடம் எப்படிக் கேட்பது என்று நான் நான்கு நாள் முழித்துக்கொண்டிருந்தபோது அவனே போன் செய்தான்.

“அண்ணே, அண்ணி எல்லாம் சொன்னாங்க. நான் ஓ குரூப்பு. ஓ யாருக்கும் குடுக்கலாமாமே. எப்ப வரணும்னு மட்டும் சொல்லு, கடையப் பூட்டிட்டு வர்றேன்.”

“கலாகிட்ட கேட்டியா?”

“அவதான் ‘இன்னும் போகாம என்ன பண்றீங்க’ன்னு திட்டுறா. சலோ, டிக்கெட் போடு.”

இரண்டு பேரும் சென்னை போனோம். திசுப் பொருத்தம் பார்த்தார்கள். அவன் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் கலந்து சண்டை போடுகிறதா என்று பார்த்தார்கள். சண்டை இல்லை. காகிதங்களைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம். அடுத்த வாரம் சென்னை ஆஸ்பத்திரியில் காகிதங்களைக் கவனிக்கும் பெண் போன் செய்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்தங்கதானே?”

எனக்கு உடனே புரிந்துவிட்டது.

எனக்கு இரண்டு வயது. வீட்டு வயது ஒன்று, ஆட்ட வயது ஒன்று. என்னைப் போன்று ஆடியவர்களில் பலருக்கு அப்படித்தான். எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து ரப்பர் தோட்ட வேலை என்று அந்தமானுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். நான் இலங்கையிலேயே, லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவன். பிறந்த தேதிக்கு என்னிடம் சான்றிதழ் கிடையாது. ரவி இங்கே ஆஸ்பத்திரியில் பிறந்தவன், அவனுக்கு முத்திரை குத்திய சான்றிதழ் உண்டு. எங்கள் இருவருக்கும் இடையே இரண்டு வருடம் ஏழு மாதம். எனக்குப் பதினாறு நடக்கும்போது பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தேர்வு வந்தது. பள்ளிக் கோச் என் வயதில் மூன்று வருடத்தைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கினார். காகிதம் இல்லாத பையனின் வயதைக் குறைப்பது அவருக்கு ஒரு சாயங்கால வேலை. அன்றிலிருந்து, ஆதார் முதல் இந்த ஜெட்டி வேலை வரை, காகிதத்தில் நான் என் தம்பிக்கு ஐந்து மாதம் இளையவன்.

ஐந்து மாத இடைவெளியில் எந்தத் தாயும் இரண்டு பிள்ளை பெறமாட்டாள். காசு கொடுத்து ஆளைப் பிடித்து வந்து தம்பி என்கிறேனோ என்று, உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் கமிட்டி சந்தேகப்படும். திசுப் பொருத்தம் டாக்டர்களுக்குப் போதும், கமிட்டிக்குக் காகிதமும் ஒத்துப்போகவேண்டும் என்றார் அந்தப் பெண்.

கோர்ட் பக்கம் டைப் அடிக்கும் ஒருவரிடம் போனேன். “சோட்டா பாயீ கா ஏஜ் கம் கர் தோ, பஸ்,” என்றார். தம்பியின் வயதைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று. எனக்கும் அது சுலபமாகத் தெரிந்தது. ரவியிடம் சொன்னேன்.

“என் வயசு சரியாத்தானே அண்ணே இருக்கு. அத எதுக்கு மாத்தணும்?” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். “உன்னோடதுதானே காகஜ்ல தப்பா இருக்கு. நம்ம ஸ்கூல் ரெஜிஸ்டர்ல உன் பழைய தேதி இருக்குமில்ல? அதுக்கு காப்பி வாங்கிட்டு வர்றேன். திங்கக்கெழம போறேன்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பான்.

அந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தேர்வுக்கு ரவியின் பெயரும்தான் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு அப்போது பதின்மூன்று, ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே அப்பா பெயரில் ஐந்து மாத வித்தியாசத்தில் இரண்டு சான்றிதழ்கள் ஒரே மேசைக்குப் போனால் மாட்டிக்கொள்வோம். “தோனோ பாயீ ஏக் சாத் நஹீ ஜாயேகா,” என்றார் கோச். இரண்டு பேரில் ஒருவரைத்தான் அனுப்பமுடியும். யாரை என்று அப்பாவைக் கேட்டார். அப்பா அப்போது ரங்கத் ரோடு வேலையில் தார்ச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தார். மூத்தவன் என்றால் சீக்கிரம் சம்பாதிப்பான் என்று என்னைச் சொன்னார். இளைய மகனை அனுப்ப விருப்பமில்லை என்று ஒரு கடிதம் வேண்டுமென்றார் தலைமை ஆசிரியர். நாளைக்குத் தன்மேல் பழி வரக்கூடாது என்று அந்தக் கடிதத்தை ரெஜிஸ்டர் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார்.

அப்பாவுக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும். கடிதத்தை எழுதியவன் நான்.

ரவிக்குச் சொன்னது வேறு. நீ இன்னும் குள்ளமாக இருக்கிறாய், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று கோச் சொன்னதாகச் சொன்னோம். அடுத்த வருடமும் அந்த இரண்டு சான்றிதழ்களும் அப்படியேதான் இருந்தன. அதற்கடுத்த வருடம் அவன் மெக்கானிக் கடையில் சேர்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு முறை எண்ணை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். பெரிய மைதானங்களில் பெனால்டி அடித்தவன் நான். அந்தத் தைரியம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. திங்கட்கிழமை எனக்கு டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். பதினொரு மணிக்குத் துணிந்து அழைத்தேன்.

“ஹெட்மாஸ்டர் ரூம்லதான் நிக்கிறேன்ண்ணே. பக்கம் கெடைச்சிடுச்சு,” என்றான் ரவி உற்சாகமாக. “உன் பழைய தேதி அப்படியே இருக்கு, சிவப்பு மையில அடிச்சி... இரு, என் பேருக்குப் பக்கத்துலயும் என்னமோ ஒட்டியிருக்காங்க.”

அங்கே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“இது உன் எழுத்துண்ணே.”

“ரவி, நானே சொல்லணும்னுதான்...”

“வைக்கிறேன்.”

என் பிபி இறங்கி மிஷின் அலறத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்து, “அரே பாலா சார், முதல்ல போனை வைங்க!” என்று பிடுங்கிக்கொண்டார். கால்மாட்டை உயர்த்தினார்கள். கண் இருண்டது. அப்போதும் எனக்கு ரவியின் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஒன்பது நாள் அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. ஒருமுறை கலா எடுத்தாள்.

“அவரு கடையிலயே கெடக்காரு மாமா. சாப்பிடக்கூட வர மாட்டேங்குறாரு. என்னா நடந்துச்சின்னு கேட்டா சொல்றாருமில்ல. அத்த கேட்டதுக்கு, ஒங்களுக்கும் தெரியுமான்னு ஒரு கேள்வி கேட்டாரு. அத்த அழுதுகிட்டே இருக்காங்க.”

அந்த ஒன்பது நாட்களைப் பற்றி நேர்மையாக எழுதவேண்டும். தம்பியின் மனதை உடைத்துவிட்டோமே என்று அழுதேன், உண்மைதான். அதோடு, அவன் மாட்டேன் என்றால் எனக்கு வேறு யார் என்றும் கணக்குப் போட்டேன். எந்தக் கவலை பெரிது என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பக்கத்து நாற்காலியில் மூன்று வருடமாக டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவர் அந்த வாரம் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். அன்று வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கும் சொல்லாதது அது.

“நீங்களா இப்படி?” என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து எனக்கு அன்றைக்கு மிச்சமிருந்த தண்ணீரை அளந்து ஊற்றிக் கொண்டுவந்தாள்.

பத்தாம் நாள் மதியம் ஷாதிபூரில் எங்கள் வீட்டு வாசலில் ரவி நின்றான். ரங்கத் பஸ்ஸில் வந்த புழுதியும் மழையும் சட்டையில் இருந்தன. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வசந்தி கொடுத்த டீயை நின்றபடியே குடித்தான். பிளாஸ்டிக் உறை ஒன்றை மேசைமேல் வைத்தான்.

“முத்திரை போட்ட காப்பி. உன் தேதி, என் தேதி, அந்த லெட்டரு, எல்லாம் இருக்கு. கிட்னி தர்றேன். அதுல மாத்தமில்ல.”

“ரவி...”

“ஆனா மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனைச்சிக்காதண்ணே. அது வேற, இது வேற.”

நோட்டரியிடம் போய்ப் பிரமாணப் பத்திரம் எழுதினோம். என் வயதைக் குறைத்தது பொய், நான் பிறந்த வருடம் இது, இதை அறிந்தே இத்தனை காலம் பயன்படுத்தினேன் என்று கையெழுத்துப் போட்டேன். விளையாட்டுக் கோட்டாவில் கிடைத்த வேலைக்கு இது வேட்டு வைக்கும் என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். “உயிரோட இருந்தாத்தானே வேலை,” என்றாள் வசந்தி. ஒரு நகலை நானே ஆபீஸில் கொடுத்தேன். விசாரணை இன்னும் நடக்கிறது. ஆபரேஷன் செலவுக்கு, வீட்டுக்குப் பின்னால் வாங்கிப் போட்டிருந்த நிலம் போயிற்று. அதற்கு நான் வருந்தவில்லை.

சென்னையில் கமிட்டி முன்னால் இருவரையும் உட்காரவைத்தார்கள். ஐந்து பேர், ஒரு வீடியோ கேமரா. தலைவராக இருந்த அம்மாள் பள்ளிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு ரவியைப் பார்த்தார். இந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்பார்கள் என்று எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். கட்டாயம் இல்லை, சந்தோஷம்தான் என்று சொன்னால் போதும்.

“யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா? பணம் தர்றேன்னு சொன்னாங்களா? முழு மனசோட, சந்தோஷமா குடுக்குறீங்களா?”

“பணமெல்லாம் இல்ல மேடம். முழு மனசோடதான் குடுக்குறேன். சந்தோஷமான்னு கேட்டா, இல்ல,” என்றான் ரவி. “இவரு மேல எனக்கு பயங்கர கோவம். சின்னதுல என்னைய ஏமாத்திட்டாரு. அந்த லெட்டர எழுதுனதே இவருதான். அதுக்காக சாகவா விட முடியும்? எங்கண்ணன் மேடம்.”

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காசு வாங்கிட்டு வர்றவங்க யாரும் இங்க இப்படிப் பேசினதில்லை,” என்று சொல்லி ஃபைலை மூடினார். மறுநாள் அனுமதி வந்தது.

ஆபரேஷனில் பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் வலப்பக்கம் வைத்து ரத்தக் குழாய்களோடு தைப்பார்கள். ஆகவே இப்போது எனக்கு மூன்று. தைத்து முடித்து மேசையில் கிடக்கும்போதே சிறுநீர் வரத் தொடங்கிவிட்டதாம். தொற்று வரக்கூடாது என்று என்னைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ரவி விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றான். நான் கையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தான். அது நிறைந்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனான்.

ஊர் வந்து ஏழு மாதம் ஆகிறது. உடம்பு புதியதைத் தள்ளிவிடாமல் இருக்கக் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை போடவேண்டும், உயிருள்ளவரை. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் முந்தின நாள் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ரவி போன் செய்வான். “கிரியேட்டினின் எவ்வளவு?” என்பான். “ஒண்ணு புள்ளி ரெண்டு,” என்பேன். “டீக், சரி,” என்று வைத்துவிடுவான். வாரத்துக்கு அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன ஞாயிறு எண்ணைச் சொன்ன பிறகும் அவன் வைக்கவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன். பொய் சொல்லாத. அந்த டிரையலுக்கு நானும் வந்திருந்தா என்னா ஆயிருக்கும்?”

பிரமாணப் பத்திரத்தில் நான் வயதைத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். இதை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. எத்தனையோ பேட்டிகளில் என் இடது காலைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறேன். பள்ளி மைதானத்தில் என்னைவிட ஒரு முழம் குட்டையான ஒருவன் என்னிடமிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனதை ஒரு பேட்டியிலும் சொன்னதில்லை.

“நீதான் போயிருப்ப ரவி. எனக்கு அன்னைக்கே தெரியும். அதனாலதான் அப்பா சொன்னதும் மறுபேச்சு பேசாம எழுதினேன்.”

அந்தப் பக்கம் ஒரு பைக் உறுமி நின்றது. அவன் வைத்துவிடுவான் என்று காத்திருந்தேன்.

“காலையில மாத்திரை போட்டியா?” என்று கேட்டான்.

“போட்டேன்.”

“நேரம் தவறாமப் போடு. உள்ள ஓடுறது என்னுது.”